காப்பகக் கட்டணம் யார் சம்பளத்தில் கழிகிறது?

வீட்டில் கைக்குழந்தையும் வேலைக்குப் போகும் மனைவியும் உள்ள அப்பாக்களுக்கு,

சென்னை அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுகிற வேலை எனக்கு. வருகைப் பதிவு, விடுப்புக் கணக்கு, பிஎஃப், இஎஸ்ஐ, ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது கடைசிக் கணக்கு முடித்துக் கொடுப்பது என்று எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என் தம்பி வயது, சிலருக்கு என் மகன் வயது. அந்த உரிமையும் இதில் கொஞ்சம் உண்டு.

பெண்கள் கொடுக்கும் ராஜினாமாக் கடிதத்தில் காரணம் என்று ஒரே வரிதான் இருக்கும்: 'சொந்தக் காரணங்களுக்காக'. பக்கத்தில் உட்கார வைத்து ஒரு டீ சொல்லி விசாரித்தால் அந்தச் சொந்தக் காரணம் மெல்ல வெளியே வரும். பிள்ளைக்கு ஒரு வயதோ ஒன்றரை வயதோ ஆகியிருக்கும். பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. மாமியாருக்கு முட்டி வலி. காப்பகத்தில் கேட்கிற பணம் கட்டுப்படியாகவில்லை. அப்புறம் ஒரு வாக்கியம் வரும். ஏறக்குறைய எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். "என் சம்பளம் அதுக்கே போயிடுதுக்கா. அப்புறம் எதுக்கு ஓடணும்னு அவர் கேக்கறாரு."

அந்த 'அவர்'தான் நீங்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்க வைத்துவிட்டு, சோற்றில் கை வைத்தபடியே கண் அயர்கிற மனைவியைப் பார்க்கிறீர்கள். அவள் படும் பாட்டைக் குறைக்கத்தான் அந்தக் கணக்கைப் போடுகிறீர்கள். ஆனால் கணக்கு தப்பு. எண்களோடே நாளைக் கழிக்கிறவள் என்பதால் அது எங்கே தப்பு என்று சொல்லிக் காட்ட ஆசைப்படுகிறேன்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் நானாக வைத்தவை. உங்கள் வீட்டு எண்களை அங்கே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கையில் வருவது 48,000 ரூபாய். அவளுக்கு 32,000. காப்பகத்துக்கு மாதம் 11,000. அவள் வேலைக்குப் போய்வர ஷேர் ஆட்டோவுக்கும் மின்சார ரயிலுக்கும் 2,000. பாத்திரம் தேய்க்க ஆள் வைத்ததில் 3,000. அவசரத்துக்குக் கடையில் வாங்கும் மாவு, வெளிச் சாப்பாடு என்று இன்னொரு 3,000. இத்தனையையும் 32,000-இல் கழித்தால் மிச்சம் 13,000. இந்தப் பதின்மூன்றாயிரத்துக்காகப் பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு ஓட வேண்டுமா என்று தோன்றிவிடுகிறது.

இனி அவர் பக்கம் பாருங்கள். பைக் தவணை, பெட்ரோல், மதியச் சாப்பாடு, டீக்கடைப் பாக்கி, எதுவும் அவர் சம்பளத்தில் கழியவில்லை. தேய்த்து வைக்கிற பாத்திரத்தில் அவர் சாப்பிட்ட தட்டும் இருக்கிறது. காப்பகத்தில் இருப்பது இரண்டு பேரின் பிள்ளை. காலை எட்டரைக்கு அவர் கவலையில்லாமல் பைக்கைக் கிளப்புவதும் அந்தக் காப்பகம் திறந்திருப்பதால்தான். அப்படியிருக்க, 11,000 ரூபாய் ஏன் அவள் சம்பளத்தில் மட்டும் கழிகிறது? வீட்டுக்கு வரும் மொத்தப் பணம் 80,000. காப்பகக் கட்டணம் அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டு வாடகையை யார் சம்பளத்தில் கழிப்பது என்று எந்த வீட்டிலும் பேச்சு எழுவதில்லை. அது குடும்பம் நடத்துகிற செலவு, வந்த பணத்திலிருந்து போகிறது. பிள்ளை பார்க்கிற செலவையும் அதே வரிசையில் எழுதிவிட்டால் 'எதுக்கு ஓடணும்' என்ற கேள்வியே பிறக்காது. கேட்பதாக இருந்தால் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

இது ஒரு மாதத்துக் கணக்கு. காப்பகம் தேவைப்படுவது அதிகம் போனால் நான்கு வருடம். அதுவரைக்கும் நீட்டிப் பார்ப்போம். அவள் சம்பளம் ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறினால் நான்கு ஆண்டில் அவள் கொண்டுவருவது 17 லட்சத்துக்கு மேல். கட்டணமும் அதே வேகத்தில் ஏறினால் காப்பகத்துக்குப் போவது ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அடிப்படைச் சம்பளம் 18,000 என்று வைத்தால் அவள் பங்கும் கம்பெனி பங்குமாகப் பிஎஃப் கணக்கில் சேர்வது, வட்டி சேர்க்காமலே, இரண்டு லட்சத்துக்கு மேல்; அதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். நான்காம் ஆண்டு முடியும்போது அவள் சம்பளம் 43,500-இல் நிற்கும். விட்டுவிட்டு நான்கு வருடம் கழித்து வேலை தேடி வருகிறவளை யாரும் அந்தச் சம்பளத்துக்கு எடுப்பதில்லை. பழைய 32,000 கொடுத்தாலே பெரிது. பல இடங்களில் இடைவெளியைக் காட்டி அதற்கும் கீழேதான் பேசுகிறார்கள். அந்தப் பள்ளம் காப்பகம் முடிந்த பிறகும் ஆண்டுக்கு ஆண்டு தொடர்கிறது.

கண்ணுக்குத் தெரியாமல் போகிறவை வேறு இருக்கின்றன. நிரந்தர வேலையில் பணிக்கொடை கிடைக்க ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். நான்கு வருடத்தில் போகிறவளுக்கு ஒன்றுமில்லை. பிஎஃப் ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். வேலையை விட்ட பிறகு வீட்டு அட்வான்ஸுக்கோ நகை மீட்கவோ பிஎஃப் பணத்தை எடுக்கும்போது, 10சி படிவம் போட்டு ஓய்வூதியப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரை செய்த சேவை ஆண்டுகள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். இஎஸ்ஐ வரம்பான 21,000-க்குள் சம்பளம் வாங்குகிறவள் என்றால் மருத்துவ வசதியும் சீக்கிரம் கைவிட்டுப் போகும். அதில் அவளை நம்பியிருக்கும் அவளுடைய பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு என்பது பல மருமகன்களுக்குத் தெரியாது. முக்கியமான இன்னொன்று: மகப்பேறு நல விதிகளின்படி சம்பளத்தோடு விடுப்பு கிடைக்க, பிரசவ நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அவள் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். முதல் பிள்ளைக்காக வேலையை விட்டவளுக்கு இரண்டாம் பிள்ளைக்கு அந்த 26 வாரச் சம்பளம் கிடையாது. "என் சம்பளம் அதுக்கே போயிடுது" என்கிற கணக்கில் இதில் எதையாவது நீங்கள் சேர்த்தீர்களா?

2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்கப் பெண்களின் இருநூறு ஆண்டு உழைப்பு வரலாற்றை ஆராய்ந்தவர். ஒரே வேலையில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வருமான இடைவெளி இன்றைக்குப் பெரும்பாலும் முதல் குழந்தை பிறக்கும்போதுதான் உருவாகிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. அமெரிக்காவுக்குச் சொன்னது. என் சம்பளப் பட்டியலிலும் அதைப் பார்க்கிறேன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஆணும் பெண்ணும் மூன்று நான்கு ஆண்டு வரை பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருப்பார்கள். அப்புறம் ஒரு வரி காணாமல் போகும்.

சரி, பிள்ளையை எங்கே விடுவது?

முதலில் எல்லாரும் நினைப்பது அம்மாவை. அவளுடைய அம்மா, இல்லையென்றால் உங்களுடைய அம்மா. பாட்டி மடியைவிடப் பத்திரமான இடம் பிள்ளைக்கு இல்லை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதைச் செலவில்லாத ஏற்பாடு என்று எழுதாதீர்கள். திருநெல்வேலியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ கிளம்பி வந்த அந்த அம்மா, தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். ஊரில் அவர் கணவர் தனியாக உலை வைத்துச் சாப்பிடுகிறார். கோயில், கல்யாணம், துக்கம், நூறு நாள் வேலை, ஆட்டுக்குட்டி என்று அவருக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது. இங்கே மூன்றாவது மாடியில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், தவழ்கிற பிள்ளையின் பின்னால் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறார். ஐம்பத்தெட்டு, அறுபது வயதில் ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது என்ன பாடு என்று அவர் முட்டிக்குத்தான் தெரியும். கண்புரை அறுவையை 'பிள்ளை ஸ்கூலுக்குப் போகட்டும்' என்று தள்ளிப்போட்ட பாட்டிகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவரை அழைத்து வருவதானால் மாதம் ஒரு தொகை அவர் கையில் கொடுங்கள். 'அம்மாவுக்குப் போய்க் காசு கொடுப்பதா' என்று கூச்சப்படாதீர்கள். மாதத்தில் ஒரு வாரம் ஊருக்குப் போய்வர டிக்கெட் போடுங்கள். அந்த வாரம் நீங்கள் இருவரும் விடுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் அந்த ஏற்பாடு நான்கு வருடம் தாங்கும். இல்லாவிட்டால் எட்டாம் மாதத்தில் அவர் உடம்பு படுத்துவிடும், உங்கள் மனைவி என் மேசைக்குக் கடிதத்தோடு வருவார்.

வீட்டோடு தங்கும் ஆயா சென்னையில் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு எட்டாது. ஏஜென்சி கமிஷனையும் சேர்த்தால் ஒருவர் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

அங்கன்வாடியைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 மையங்கள் இருக்கின்றன. சாப்பாடு, முட்டை, எடை பார்ப்பது, தடுப்பூசி நினைவூட்டல் எல்லாம் அங்கே நடக்கிறது. இரண்டு வயது ஆன பிள்ளைக்குப் பகல் பொழுதுக்கு நல்ல இடம், காசும் இல்லை. சிக்கல் நேரம்தான். நான்கு மணிக்குள் மூடிவிடும் மையத்திலிருந்து, ஆறரைக்கு வீடு திரும்பும் அம்மாவின் பிள்ளையை யார் கூட்டி வருவது? இதை உணர்ந்துதான் மத்திய அரசு 2022 முதல் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகமும் நடத்த வழி வைத்தது. அந்தக் காப்பகப் பணியாளருக்கு மாதம் 5,500 ரூபாயும் உதவியாளருக்கு 3,000 ரூபாயும் என்று திட்டத்தில் தொகை வகுத்தார்கள். பத்துப் பதினைந்து கைக்குழந்தைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு இருநூறு ரூபாய்ச் சொச்சம். அந்தப் பெண்ணும் ஒரு தாய்தான்; தன் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருகிறாரோ. குழந்தை பார்ப்பதை வேலையாகவே மதிக்காத நாட்டில் அதற்குப் போடும் கூலியும் இப்படித்தான் இருக்கிறது.

மிச்சமிருப்பது தனியார் காப்பகம். தெருவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அக்கா ஒருவர் நடத்துவது மாதம் நான்காயிரம் ஐந்தாயிரத்தில் தொடங்கும். பழைய மகாபலிபுரம் சாலை பக்கம் ஏசி, கேமரா, செல்போனில் படம் என்று பதினைந்தாயிரத்தையும் தாண்டும். எங்கள் தொழிற்பேட்டைக்கு இரண்டு தெரு தள்ளி முதல் வகையில் ஒன்று இருக்கிறது. எங்கள் பெண்கள் சிலர் பிள்ளை விட்டிருப்பதால் அவ்வப்போது போய்வருவேன். வாசலில் செருப்பு அலமாரி. உள்ளே ஆணியில் வரிசையாக மாட்டிய பைகள். ஒவ்வொரு பையிலும் மார்க்கர் பேனாவால் பெயர், உள்ளே இரண்டு செட் சட்டை, பால் புட்டி, பருப்பு சாதம் வைத்த எவர்சில்வர் டப்பா, பிள்ளை பிடித்துக்கொண்டு தூங்குகிற அம்மாவின் பழைய துப்பட்டா. மதியம் இரண்டு மணிக்குப் பாயில் வரிசையாகத் தூங்குவார்கள்; மேலே விட்டத்தில் இரண்டு தூளி. மாலை ஐந்தரைக்கு மேல் தெருவில் ஒரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பும்.

அந்த அக்கா எனக்குச் சொன்னது ஒன்று. சேர்க்கும்போது அப்பாக்கள் வருவார்கள், கேமரா இருக்கிறதா என்று கேட்பார்கள், கட்டணத்தில் ஐநூறு குறைக்கச் சொல்வார்கள், கிளம்பிவிடுவார்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆயா என்று கேட்டவர் அபூர்வம். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பிள்ளைக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளரும் கூடவே ஓர் உதவியாளரும் வேண்டும் என்பது மத்திய அரசு 2018-இல் காப்பகங்களுக்கு வகுத்த வழிகாட்டுதல். கட்டணம் ரொம்பக் குறைவாக இருக்கிற இடத்தில் பெரும்பாலும் குறைத்திருப்பது ஆயாவைத்தான். ஒரே ஆயா ஐந்து கைக்குழந்தைக்கு மாற்றி மாற்றிப் புட்டி கொடுத்துக்கொண்டிருந்தால் ஆறாவது பிள்ளை நனைந்த துணியோடு அழுதுகொண்டுதான் கிடக்கும். சேர்ப்பதற்கு முன் பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு தடவை நீங்களே போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கு எல்லாக் காப்பகமும் அழகாகத்தான் இருக்கும். ஆயாக்கள் எத்தனை மாதமாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிற இடத்தில் பிள்ளை யாரோடும் ஒட்டாது.

அந்தக் காப்பகத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் பதினொரு மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது. அக்கா சேர்க்கைப் படிவத்தைப் புரட்டி, அம்மாவின் எண்ணுக்குப் போன் போட்டார். அந்த அம்மா ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய தூரத்தில் வேலை பார்க்கிறார். அப்பா வேலை செய்கிற பட்டறை அதே தொழிற்பேட்டையில், நடந்தால் பத்து நிமிடம். அவருக்குப் போடலாமே என்றேன். "அப்பா நம்பர் எழுதலைங்க" என்றார் அக்கா. படிவத்தில் அதற்கு இடம் இருந்தது. காலியாக இருந்தது. எழுதியவர் அந்த அப்பாவேதான், கையெழுத்தும் அவருடையது.

என் விடுப்புப் பதிவிலும் இதே கதைதான். காப்பகத்தில் சேர்ந்த முதல் வருடம் பிள்ளைக்கு மாறி மாறிச் சளி, காய்ச்சல், வாயிலும் கையிலும் கொப்புளம் வரும். ஒன்று தேறி முடிப்பதற்குள் அடுத்தது. காய்ச்சல் பிள்ளையைக் காப்பகமும் சேர்த்துக்கொள்ளாது, சேர்க்கவும் கூடாது. அந்த நாட்களில் விடுப்பு எழுதுகிறவர் யார் என்று பார்த்தால் அம்மா, அம்மா, மறுபடியும் அம்மா. தற்செயல் விடுப்பு தீரும், ஈட்டிய விடுப்பு தீரும், அப்புறம் சம்பளப் பிடித்தம். மேலாளர் முகம் சுளிப்பார். வருகைக்காகக் கொடுக்கும் ஊக்கத்தொகை போகும். இன்கிரிமென்ட் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே குறைந்த விழுக்காடு விழும். காப்பகக் கட்டணத்தைவிட இந்த இழப்பு சில வீடுகளில் அதிகம். 2024-ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயது வரையான பெண்களில் 41 விழுக்காட்டினர் ஒரு நாளில் வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் ஈடுபட்டார்கள், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர் என்று வந்தது. ஈடுபட்டவர்களிலும் பெண்கள் நாளுக்கு ஏறத்தாழ 140 நிமிடம், ஆண்கள் 74 நிமிடம். விடுப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டாலே அவள் வேலை பிழைத்துக்கொள்ளும். ஒரு காய்ச்சலுக்கு அவள், அடுத்த காய்ச்சலுக்கு நீங்கள். உங்கள் மேலாளரும் ஒரு தடவை முகம் சுளிக்கட்டும், தாங்கிக்கொள்ளுங்கள்.

விடுப்பைப் பற்றிப் பேசும்போது, உங்கள் கையில் இருக்கிற, நீங்கள் வீணாக்குகிற ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு மாதம். தனியாரில் 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். உடம்பு முடியாமல் அந்த எட்டு வாரத்தையும் எடுத்துவிட்டவள் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். பல காப்பகங்கள் ஆறு மாதத்துக்குக் கீழே சேர்ப்பதில்லை. சில ஒரு வயது கேட்கின்றன. நடுவில் இருக்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் பல வேலைகள் போகின்றன. இந்த இடைவெளிக்கு உங்களிடம் மருந்து இருக்கிறது. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியாரில் தகப்பனுக்கென்று சட்டம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் ஈட்டிய விடுப்பு எல்லாருக்கும் சேர்கிறது. தொழிற்சாலைகளில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் அது சேரும், 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்றுதான் தொழிற்சாலைச் சட்டத்தில் நெடுங்காலம் இருந்தது. ஆண்கள் அதை என்ன செய்கிறீர்கள்? ஆண்டு முடிவில் காசாக்கிக்கொள்கிறீர்கள். படிவத்தை என்னிடம்தான் கொடுக்கிறீர்கள். மனைவி கருவுற்ற நாளிலிருந்து அதைக் காசாக்காமல் சேர்த்து வையுங்கள். அவள் வேலைக்குத் திரும்புகிற அன்று நீங்கள் வீட்டில் உட்காருங்கள். ஒரு மாதம் பிள்ளையோடு தனியாக இருந்த தகப்பனுக்குப் புட்டி காய்ச்சவும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டவும், அழுகையின் ரகம் பிரிக்கவும் தெரிந்துவிடும். அதன் பிறகு காப்பகம் யாருக்குப் போன் போட்டாலும் ஒன்றுதான்.

இனி சட்டம். இது எனக்கு மிக முக்கியமான இடம், பொறுமையாகப் படியுங்கள்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காப்பகத்துக்குப் பெண்களை எண்ணியது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 1996-இன் கட்டடத் தொழிலாளர் சட்டமும் பெண்களைத்தான் எண்ணின. பெண் தலையை எண்ணிக் காப்பகம் என்றால் பெண்ணை வேலைக்கு எடுக்காமல் இருப்பதே முதலாளிக்கு மிச்சம். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது இது மாறியது. 50 அல்லது அதற்கு மேல் பணியாளர்கள் உள்ள ஒவ்வொரு நிறுவனமும் காப்பக வசதி தர வேண்டும் என்று எழுதினார்கள். பணியாளர்கள் என்றால் எல்லாரும்தான். நாற்பத்தைந்து ஆணும் ஐந்து பெண்ணும் இருந்தாலும் ஐம்பது ஐம்பதுதான். 2018 வழிகாட்டுதல் இன்னும் தெளிவாக, ஒப்பந்த, தினக்கூலிப் பணியாளர் உட்பட எல்லாப் பணியாளர்களின் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கும் என்றது; வேலை இடத்திலோ ஐந்நூறு மீட்டருக்குள்ளோ இருக்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே ஐம்பது நிற்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் வைத்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. அம்பத்தூர், கிண்டி, திருப்பெரும்புதூர் போன்ற பேட்டைகளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது இந்த வழி.

ஆனால் அதே 2017 சட்டம் இந்த வசதியை வேலைக்குச் சேரும்போதே எழுத்து மூலம் தெரிவிக்கச் சொன்னது பெண்களுக்கு மட்டும். நாளில் நான்கு தடவை காப்பகம் போய்வர அனுமதித்ததும் பெண்களுக்கு மட்டும். பெண்களின் நியமனக் கடிதத்தில் அந்த ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்ப்பது என் வேலை. ஆண்களின் கடிதத்தில் அது இருக்காது. அதனால்தான் உங்கள் கம்பெனியில் காப்பகம் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாது. தெரியாததால் நீங்கள் கேட்பதில்லை. பெண்கள் நாலு பேர் கேட்டால், "நாலு பேருக்காக எப்படிம்மா" என்று பதில் வருகிறது. காப்பகம் தேவைப்படுகிற வயதில் பிள்ளை வைத்திருக்கிற ஆண்கள் அதே கட்டடத்தில் நாற்பது பேர் இருக்கிறீர்கள்; ஒருவரும் வாய் திறப்பதில்லை. போனஸ், கேன்டீன், பேருந்து, சட்டை தைக்கும் கூலி என்று நீளும் கோரிக்கைப் பட்டியல்கள் எத்தனையோ என் கையில் தட்டச்சாகியிருக்கின்றன. காப்பகம் என்ற சொல்லை ஒரு தொழிற்சங்கத் தலைவரும் எழுதிக் கொடுத்ததில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். கல்யாணமாகி, பிள்ளை பிறந்த பிறகும் அவர்கள் அங்கே இருக்க வேண்டாமா?

உங்களில் மேற்பார்வையாளர்களும் கட்டடப் பொறியாளர்களும் இருப்பீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐம்பது பெண்களுக்கு மேல் சித்தாள் வேலை செய்கிற தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று அந்த 1996 சட்டம் சொன்னது. அதற்கும் வெகு முன்னால், 1969-இல், டெல்லி ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்த இடத்தில் மண்ணில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்த மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெச்சஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது. உங்கள் தளத்தில் மணல் குவியல் மேல் சாக்கு விரித்துக் கிடத்தியிருக்கிற பிள்ளைக்கு ஒரு அறையும் ஒரு ஆளும் ஏற்பாடு செய்கிற அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

மற்றவர்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் அலுவலகத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை வைத்திருப்பவர்களின் பட்டியலை எடுங்கள், ஆண் பெண் எல்லாரையும் சேர்த்து. பிள்ளையின் வயது, இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், மாதம் என்ன செலவாகிறது என்று பெயருக்கு நேரே எழுதுங்கள். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, மொத்தப் பணியாளர் எண்ணிக்கையையும் சட்டப் பிரிவையும் குறிப்பிட்டு, மேலே ஆண்கள் கையெழுத்துப் போட்டு மனிதவளத் துறையில் கொடுங்கள். கொடுத்ததற்கு நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். தனி அறை கட்ட இடமில்லை என்றால், பக்கத்துக் கம்பெனிகளோடு சேர்ந்து பொதுக் காப்பகம் கேளுங்கள். அதுவும் உடனே ஆகாது என்றால், ஆகும் வரைக்கும் வெளிக் காப்பகக் கட்டணத்தில் ஒரு பங்கை நிறுவனம் தரட்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும், மற்ற நிறுவனம் என்றால் தொழிலாளர் துறைக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்பலாம். தனி ஆளாக ஒரு பெண் எழுதினால் அவள் மேல் குறி விழும். நாற்பது அப்பாக்கள் சேர்ந்து எழுதினால் யார் மேலும் விழாது.

கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் உங்கள் அலுவலகத்திலும் என்னைப் போல் சம்பளப் பட்டியல் போடுகிற ஒருவர் இருப்பார். அவரிடம் கேளுங்கள். மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேருக்குச் சின்னப் பிள்ளை, கடந்த மூன்று ஆண்டில் பிள்ளை பிறந்து ஒரு வருடத்துக்குள் வேலையை விட்ட பெண்கள் எத்தனை பேர் என்று எல்லாம் அவர் கணினியில் இருக்கும். கேட்டால் எடுத்துக் கொடுப்பார்.

அன்புடன்,
சம்பளப் பிரிவிலிருந்து ஓர் அக்கா